ஜிடிஐயும் ஜிடி86-உம்: ஒரே ஆணியில் இரண்டு சாவிகள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. சிவப்பு டொயோட்டா ஜிடி86 என்னுடையது. வெள்ளை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஏழாம் தலைமுறை, தம்பியுடையது. இரண்டும் மேனுவல். சாவிகள் ஒரே ஆணியில் தொங்குவதால் யார் எதை எடுத்தோம் என்பதற்குப் பெரிய கணக்கு வழக்கு கிடையாது. ஐந்தரை வருடத்தில் என் கார் 71,000 கி.மீ., அவன் கார் 94,000 கி.மீ. ஓடியிருக்கின்றன. அவன் கார் ஓடியதில் கால்வாசியாவது நான் ஓட்டியது. என் காரை அவன் எவ்வளவு ஓட்டினான் என்பதைப் பின் டயர்களைக் கேட்டால்தான் தெரியும்.

"ரெண்டுல எது நல்ல கார்?" என்று கேட்காத ஆள் இல்லை. முதல் மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஜிடிஐ என்றுதான் சொல்லியிருப்பேன், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. இப்போதும் நல்ல கார் ஜிடிஐதான். ஆனால் கார் பைத்தியம் பிடித்தவர்கள் கேட்பது அந்தக் கேள்வி இல்லையே.

காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே கிடையாது. ஜிடிஐயில் இருப்பது 1,984 சிசி டர்போ இன்ஜின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் ரகம். 220 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், 350 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) முழுசாக வந்துவிடும், 4,400 வரை அப்படியே நிற்கும். என் காரில் 1,998 சிசி பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் படுத்திருக்கும் ரகம்), டர்போ இல்லை. 200 பிஎஸ் வேண்டுமென்றால் 7,000 ஆர்பிஎம் வரை போக வேண்டும். டார்க் 205தான், அதுவும் 6,400-க்கு மேல் போனால்தான். என் கார் நூறு கிலோவுக்கு மேல் லேசு என்பதெல்லாம் இந்த வித்தியாசத்துக்கு முன்னால் எடுபடாது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட ஜிடிஐ 6.5 விநாடி எடுத்துக்கொள்ளும், என்னுடையது 7.6.

சாலையில் இது எப்படி இருக்கும்? முன்னால் ஒரு லாரி போகிறது என்று வையுங்கள். ஜிடிஐயில் நான்காவது கியரில் போய்க்கொண்டிருந்தால் நான்காவதிலேயே மிதிக்கலாம். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் ஒரு அழுத்தம், அவ்வளவுதான், லாரி பின்னால் போய்விடும். என் காரில் அதே வேலைக்கு ஒரு சடங்கே இருக்கிறது. நான்கிலிருந்து மூன்றா, இரண்டா என்று முடிவு செய்ய வேண்டும், ஆர்பிஎம்மை ஏற்றிக் கியரைப் போட வேண்டும், முள் 5,000 தாண்டும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். அதற்குள் எதிரே வண்டி தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்ப அவிழ்க்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த பாக்ஸர் இன்ஜினில் 3,500-லிருந்து 4,500 ஆர்பிஎம் வரை டார்க் பள்ளம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது கியரில் மிதித்தபடி போனால் 3,300 வரை ஆவலாக வரும், அப்புறம் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தயங்கும், 4,500 தாண்டியதும் எதுவும் நடக்காததுபோல் மறுபடி ஓட ஆரம்பிக்கும். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் ஏமாந்துபோவோம். இந்த மாடலை ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. 2021-இல் வந்த அடுத்த தலைமுறைக்கு 2.4 லிட்டர் இன்ஜின் கொடுத்து, 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும்படி செய்துவிட்டார்கள். பழைய பள்ளம் இருந்த அதே இடம் என்பதைக் கவனியுங்கள்.

முதல் வருடம் அந்தப் பள்ளத்தைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். இரண்டாவது வருடம் என்னை அறியாமலே ஒரு கியர் குறைவாக ஓட்டப் பழகிவிட்டேன். பள்ளம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது, நான்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

இரண்டு காரின் வம்சாவளியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் அவற்றின் குணம் அங்கிருந்துதான் வருகிறது. முதல் கோல்ஃப் ஜிடிஐ 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர், 110 பிஎஸ், எடை 800 கிலோ சொச்சம். 5,000 கார்கள் போதும் என்று நினைத்து ஆரம்பித்ததாம். தினமும் வேலைக்குப் போகும் அதே பெட்டி வடிவக் கார்தான், மனசு வைத்தால் ஓடும். கட்டம் போட்ட இருக்கைத் துணியும் கோல்ஃப் பந்து வடிவக் கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற வடிவமைப்பாளரின் யோசனை. தம்பியின் காரில் இரண்டும் இருக்கின்றன. அந்தத் துணியைப் பார்த்ததும் லுங்கி என்றார் அப்பா. இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

ஜிடி86-இன் பெயர் 1983-இல் வந்த ஏஇ86 கொரோலாவிலிருந்து வந்தது. லேசான எடை, சின்ன இன்ஜின், பின்சக்கர இயக்கம். 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து அதே சமையலை மறுபடி செய்தன. இன்ஜின் சுபாருவின் பாக்ஸர், எரிபொருள் செலுத்தும் முறை டொயோட்டாவினுடையது. சிலிண்டரின் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மி.மீ.யாகவே அமைந்திருப்பது ஒரு அழகான தற்செயல். தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா ஆரம்பத்திலேயே மூன்று விஷயங்களைத் தள்ளிவைத்துவிட்டார்: டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், ஒட்டிப்பிடிக்கும் விலை உயர்ந்த டயர் வேண்டாம். மூன்றாவதுதான் யாருக்கும் புரியாதது. பல நாடுகளில் இந்தக் கார் மிஷ்லின் பிரைமசி டயரோடு வந்தது, 215 அகலம். பிரியஸிலும் போடப்பட்ட டயர் அது. எரிபொருள் மிச்சம் பிடிக்கும் குடும்பக் காரின் செருப்பை ஸ்போர்ட்ஸ் காருக்கு மாட்டிவிட்டார்களே என்று நானும் சிரித்திருக்கிறேன்.

சிரித்தவன் பட்டதைச் சொல்கிறேன்.

வாங்கி எட்டு மாதம் இருக்கும். மழை விட்டுக் கால் மணி நேரம். பழக்கமான ரவுண்டானா, வேகம் முப்பத்தைந்தோ நாற்பதோதான். வெளியே வரும் திருப்பத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்திவிட்டேன். பின்பக்கம் மெதுவாக விலக ஆரம்பித்தது. மெதுவாக என்பதுதான் இங்கே முக்கியம். முதலில் இடுப்புக்குத் தெரிந்தது, அப்புறம் கைக்கு, கடைசியாகத்தான் கண்ணுக்கு. ஸ்டியரிங்கைக் கால் சுற்று எதிர்ப்பக்கம் திருப்பினேன், காலைக் கொஞ்சம் தளர்த்தினேன், கார் நேராகிவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பி போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு மட்டும் இதயம் தொண்டைக்கு வந்திருந்தது.

பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பயம் என்று முடிவு கட்டி, அடுத்த மாதமே நல்ல டயர் வாங்கிப் போட்டேன். 225 அகலம், மென்மையான ரப்பர், டிராக்கில் ஓட்டுபவர்கள் சிபாரிசு செய்யும் ரகம். உள்ளபடியே கார் வேகமானது. வளைவில் ஒட்டிக்கொண்டு போனது, பிரேக் பிடித்தால் நங்கூரம் போட்டதுபோல் நின்றது.

இரண்டு வாரத்தில் அலுத்துவிட்டது. முன்பு 40-இல் பேச ஆரம்பித்த கார் இப்போது 70 தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் போய்ப் பார்க்கலாம் என்றால் அது பொதுச் சாலை, பந்தயத் தடம் இல்லை. அந்த ரப்பரின் பிடியை உடைக்கும் அளவுக்கு 205 நியூட்டன் மீட்டரில் தெம்பும் இல்லை. இன்ஜின் திடீரென்று இன்னும் சோம்பேறியாகத் தெரிந்தது. எரிபொருள் செலவும் ஏறியது. பிடி எல்லை எட்டாத உயரத்துக்குப் போனதும், 200 பிஎஸ் கொண்ட சுமாரான ஒரு கூப்பே மட்டும் மிச்சம் நின்றது. டாடா எதற்காக அந்த டயரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு ஒரு செட் டயர் பணத்தில் புரிந்தது. தேய்ந்து தீரும் வரை ஓட்டிவிட்டு, மறுபடி 215-க்கே வந்துவிட்டேன். ஈரச் சாலைக்குப் பழைய பிரைமசியைவிட நல்ல டயர்கள் அதே அளவில் கிடைக்கின்றன, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அகலத்தை மட்டும் ஏற்றாதீர்கள்.

தம்பி சும்மா இருப்பானா? அவன் கை வைத்தது இன்ஜினில். ஜிடிஐ இன்ஜினின் கணினியில் மென்பொருளை மாற்றினால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் 300 பிஎஸ் பக்கம் கொண்டுபோகலாம். மடிக்கணினியோடு வந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். முதல் நாள் நானே ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் மிதித்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் சிறகடித்தன, ஸ்டியரிங் கையில் ஒரு பக்கமாக இழுத்தது. அவன் காரில் பர்ஃபார்மன்ஸ் பேக் கிடையாது, அதாவது முன் அச்சில் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு, பிடி இருக்கும் சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும் டிஃபரன்ஷியல் பூட்டு இல்லை. வழுக்கும் உள் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கும் எக்ஸ்டிஎஸ் மட்டும்தான். 220 பிஎஸ்ஸுக்கு அது அழகாக வேலை செய்யும். 300-க்கு, ஓட்டுபவர் மிதிக்க, கார் பிரேக் பிடிக்க என்று இருவருக்கும் இடையே ஒரு சண்டையாகிவிடும். முன் பிரேக் பேட் அந்த வருடம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தேய்ந்தது.

எட்டாவது மாதம் கிளட்ச் வழுக்கியது. நான்காவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கிறான், முள் 3,000-லிருந்து 4,000-க்குத் தாவுகிறது, வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது. "அண்ணா, வண்டி நியூட்ரல்ல விழுந்துடுச்சுபோல" என்றான். நியூட்ரல் எல்லாம் இல்லை, பாவம், அந்தக் கிளட்ச் 350 நியூட்டன் மீட்டருக்குச் செய்தது. புது கிளட்ச் போட்டதும் மென்பொருளையும் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டான். திரும்பி வந்த ஜிடிஐயை ஓட்டியபோது இரண்டு பேருக்கும் ஆச்சரியம். வேகம் குறைந்திருந்தது, ஆனால் ஈரத்திலும் முழு மிதி மிதிக்க முடிந்தது. பவரை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் டிஃபரன்ஷியல் பூட்டு இருக்கிற காராகப் பார்த்து வாங்குங்கள்.

தொந்தரவு செய்யாமல் விட்டால் ஜிடிஐ என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம் ஆகிவிடும். ஸ்டியரிங் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு 2.1 சுற்றுதான். திருப்பத் திருப்ப விரைவாகும் அமைப்பு, அதனால் மலைப்பாதையின் கொண்டை ஊசியில்கூடக் கைகள் இடம் மாறாது. வேகமாக வளைவுக்குள் போய்விட்டோமோ என்று பயந்து காலை எடுத்தால், மூக்கு உள்பக்கமாக ஒதுங்கி நம்மைக் காப்பாற்றிவிடும். நெடுந்தூரம் போனால் இறங்கும்போது சட்டை கசங்கியிருக்காது. பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் 380 லிட்டர், சீட்டை மடக்கினால் ஒரு சின்ன வீடே உள்ளே போகும். ஐந்தரை வருடத்தில் அந்தக் கார் செய்ய மறுத்த வேலை என்று எதுவும் என் நினைவில் இல்லை.

குறை? இருக்கிறது, ஆனால் அதைக் குறை என்று சொன்னால் சிரிப்பீர்கள். அது என்னைச் சோம்பேறியாக்குகிறது. எந்தக் கியரில் இருந்தாலும் இழுக்கும் என்பதால் கியர் மாற்ற மறந்துவிடுகிறேன். மேனுவல் வாங்கிவிட்டு மூன்றாவது கியரிலேயே ஊர் சுற்றுவதில் என்ன அர்த்தம்? உள்ளே கேட்கும் சத்தத்திலும் பாதி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஒரு அதிர்வுக் கருவி செய்வது. என் காரிலும் இன்ஜின் காற்று உள்ளிழுக்கும் சத்தத்தை ஒரு குழாய் வழியாக உள்ளே கொண்டுவருகிறார்கள். அதுவும் ஏமாற்றுதான், ஆனால் கேட்பது நிஜமான காற்றின் சத்தம். பார்க்கிங் பிரேக் ஜிடிஐயில் பொத்தான், என் காரில் இழுக்கும் கைப்பிடி. இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

என் காரின் பின் இருக்கையைப் பற்றிச் சுருக்கமாக: இருக்கை இருக்கிறது. அம்மா ஒரு தடவை உட்கார்ந்தார், ஒரே ஒரு தடவை. டிக்கி 243 லிட்டர், வாய் குறுகல். ஆனால் பின் இருக்கையின் முதுகு ஒரே பலகையாக மடங்கும், அப்போது நான்கு சக்கரங்களை டயரோடு உள்ளே வைக்கலாம். அதையே மனதில் வைத்து அளவெடுத்திருக்கிறார்கள். கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கி வழி விடும், சாத்தியதும் ஏறிக்கொள்ளும். ஐந்து வருடமாகியும் இதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. நெடுஞ்சாலையில் டயர் இரைச்சல் அதிகம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட்டு கேட்பதும் பேசுவதும் ஒரு வேலையாகிவிடும்.

பராமரிப்பு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஜிடிஐயில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவை மாதம் ஒரு முறை பாருங்கள். வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் கசிவு வருவது இந்த இன்ஜின் வைத்திருப்பவர்களிடம் பழகிய பேச்சு, தம்பி காரில் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. மேனுவலுக்குப் பதில் ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் எடுத்திருந்தால் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை அதன் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். ஜிடி86-இல் ஸ்பார்க் பிளக் மாற்றும் நாளில் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காதீர்கள். பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்திருக்கும், பிளக்குகள் இரண்டு பக்கச் சுவரைப் பார்த்தபடி இருக்கும், கை நுழைவதே கஷ்டம். காலையில் எடுத்ததும் கியர் எண்ணெய் சூடாகும் வரை இரண்டாவது கியரை அவசரப்படுத்த வேண்டாம். பழைய கார் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம்: ஆரம்ப வருடக் கார்களை வால்வ் ஸ்பிரிங் மாற்ற 2018-இல் திரும்ப அழைத்தார்கள். இன்ஜினைக் கீழே இறக்கிச் செய்யும் பெரிய வேலை. நடந்ததா, யார் செய்தார்கள், அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு ஒரே கார் என்றால் ஜிடிஐ வாங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜிடி86-ஐ இரண்டாவது காராக வைத்துக்கொள்ள முடிந்தவர்கள், அல்லது தனி ஆள், அல்லது என்னைப்போல் ஜிடிஐ வைத்திருக்கும் தம்பி இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். டெஸ்ட் டிரைவில் மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். இருபது நிமிடத்தில் ஜிடிஐ தன் நல்லதையெல்லாம் காட்டிவிடும். என் கார் அந்த இருபது நிமிடத்தில் காட்டுவது டயர் இரைச்சலையும் டார்க் பள்ளத்தையும்தான்.

தம்பிக்குப் போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை இருக்கை அவன் காரிலேயே நிரந்தரமாக இருக்கிறது, என் காரில் மாட்ட நாம் நம் முதுகைப் பாதியாக மடிக்க வேண்டும். அவன் இனி ஜிடிஐயை விட்டு அசைய மாட்டான் என்று நினைத்தேன். இந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு வாசலில் ஒரு பாக்ஸர் இன்ஜின் கரகரவென்று உயிர் பெறும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் ஆணியில் ஜிடிஐ சாவி மட்டும் தொங்குகிறது. அன்றைக்கு மாமா வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தச் சாவிதான் எனக்கும் வேண்டியிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.